மலையூரில் டவுன் பஸ் விட்டு லாபம் பார்ப்பது: ஓப்பன் டிடிடி ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கணினி ஆட்டமான ஓப்பன் டிடிடியில் நான் முதன்முதலில் விட்ட டவுன் பஸ் மேல் குன்னூருக்கும் கீழ் குன்னூருக்கும் இடையே ஓடியது. நீலகிரியின் உயர வரைபடத்தைக் கருப்பு வெள்ளைப் படமாக ஆட்டத்துக்குள் ஏற்றி, அதில் வைத்த ஊர்களுக்கு உதகை, குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் என்று நானே பெயர் சூட்டியிருந்தேன். பேருந்து நிலையத்தில் இறங்கி சிம்ஸ் பூங்கா வரை மூச்சு வாங்க ஏறியவர்களுக்கு அந்த இரண்டு குன்னூருக்கும் நடுவே ஒரு பஸ் எவ்வளவு தேவை என்பது தெரியும் என்பதால், ஆட்டத்திலும் அந்தத் தடமே வசூலை அள்ளும் என்று நம்பினேன். முதல் பஸ் வந்து நின்றதும் ஊர்மக்கள் கொண்டாடுவதாகத் திரையில் செய்தித்தாள் விரிந்தது. ஆண்டு முடிவில் கணக்கைத் திறந்தால், நிரம்பி வழிந்து ஓடிய அந்த பஸ்ஸே நட்டத்தில் நின்றது.

வரைபடத்தைக் கட்டம் கட்டமாக எண்ணிப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. இரண்டு நிறுத்தங்களுக்கும் இடையில் இருந்தவை 6 கட்டங்கள். ஆனால் இரண்டு கொண்டை ஊசி வளைவுகளோடு சுற்றி ஏறிய சாலை 17 கட்டங்கள் நீண்டிருந்தது. பஸ் 17 கட்டம் ஓடியது, ஆட்டமோ 6 கட்டத்துக்கு மட்டும் கட்டணம் கொடுத்தது. மலையில் டவுன் பஸ் விடப் புகுபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: ஆட்டம் கட்டணம் தருவது வரைபடத்தில் இரு நிறுத்தங்களுக்கு இடையே உள்ள தொலைவுக்கு, பஸ் ஓடிய சாலைக்கு அன்று. அந்தத் தொலைவும் நேர்க்கோட்டு அளவு அல்ல. கிடையாக எத்தனை கட்டம், நெடுக்காக எத்தனை கட்டம் என்று இரண்டையும் கூட்டி வருவதே கணக்கு.

தொடங்கும் முன்

கிறிஸ் சாயர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற ஆட்டத்தை அடியொற்றி, 2004 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் திறந்த மூல ஆட்டம்தான் ஓப்பன் டிடிடி. இதற்குக் காசு கட்ட வேண்டியதில்லை. அமைப்புப் பட்டியலில் மொழியைத் தமிழாகவும் நாணயத்தை ரூபாயாகவும் மாற்றிக்கொள்ளலாம். ரூபாயில் காட்டினாலும் உள்ளே நடக்கும் கணக்கு பவுண்டில்தான் என்பதால், இக்கட்டுரையில் தொகைகளைப் பவுண்டிலேயே சொல்கிறேன்.

தட்பவெப்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மலை என்றதும் பனிப் பிரதேசத்தை அழுத்திவிட வேண்டாம். அதில் பனிக்கோட்டுக்கு மேலே உள்ள ஊர்கள் உணவு கொண்டுபோய்ச் சேர்க்காத வரை வளர மாட்டா. உதகையில் உறைபனி விழும், அவ்வளவே. அதற்கு மிதவெப்ப வகையே பொருத்தம். பயணிகளைக் குறிப்பிட்ட ஊருக்கென்று பகிர்ந்தனுப்பும் சரக்குப் பங்கீட்டு வசதி தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். பழுதுகளைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதும் நல்லது. கையிருப்பாகக் காட்டப்படும் 1,00,000 பவுண்டு கடன் பணம், அதற்கு வட்டி உண்டு. அத்தனையையும் முதல் மாதத்திலேயே சாலையில் கொட்டாமல், முதல் தடம் ஓராண்டு ஓடி முடியும் வரை பாதியையாவது கையில் வைத்திருங்கள்.

கட்டணம் எப்படி வருகிறது

பயணிகளின் எண்ணிக்கை, தொலைவு, பஸ்ஸில் கழிந்த நாட்கள் ஆகிய மூன்றுமே கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் நாட்களைப் பற்றித்தான் புதியவர்களுக்குத் தேவையற்ற அச்சம் இருக்கிறது. ஆட்டம் பயண நேரத்தை இரண்டரை நாட்கள் கொண்ட அலகுகளாக எண்ணி, முழுக் கட்டணத்தை 255 பங்காகக் கொண்டு, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பங்கைக் கழிக்கிறது. 24 அலகுகள், அதாவது 60 நாட்கள் தாண்டினால்தான் கழிவு இரட்டிப்பாகிறது. நிறுத்தத்தில் காத்திருந்த நாட்கள் இக்கணக்கில் சேர்வதில்லை. 1950-இல் கிடைக்கும் எம்.பி.எஸ். ரீகல் பஸ் 31 பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்; சமதளத்தில் ஒரு நாளுக்குச் சுமாராக இரண்டு கட்டம் கடக்கும். 46 கட்டச் சாலையை 23 நாட்களில் கடந்தால் கழிவது 9 பங்கு, அதாவது நூற்றுக்கு நான்குகூட இல்லை.

அப்படியானால் குறுகிய தடங்கள் ஏன் தோற்கின்றன? பயணிகள் இறங்கவும் ஏறவும் பஸ் திரும்பவும் ஆகும் நேரம் ஒவ்வொரு நடைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், தொலைவு கூடினாலும் அது கூடுவதில்லை. அதற்கு 5 நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் குன்னூர் பஸ் 17 கட்டச் சாலையை 9 நாட்களில் ஏறி, 5 நாட்கள் நிறுத்தத்தில் கழித்து, 14 நாள் உழைப்புக்கு 6 கட்டத்தின் கூலியைப் பெற்றது. பின்னர் அதே பஸ்ஸைக் கோத்தகிரிக்கு நீட்டியபோது நிறுத்தங்களுக்கு இடைத்தொலைவு 38 கட்டம், சாலை நீளம் 46 கட்டம். 23 நாட்கள் ஓட்டம், 5 நாட்கள் நிறுத்தம், மொத்தம் 28 நாட்களில் 38 கட்டத்தின் கூலி. நாள் ஒன்றுக்குப் பார்த்தால் மூன்று மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் இரண்டு தடத்திலும் பஸ் நிரம்பியேதான் ஓடியது.

ஆகவே தடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: நிறுத்தங்களுக்கு இடையே உள்ள கட்டத் தொலைவு ஒன்று, பஸ் உண்மையில் ஓட வேண்டிய சாலைக் கட்டங்கள் மற்றொன்று. ஒரே பெரிய ஊருக்குள் ஓடும் தடமானால் முதல் எண் 20-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதாவது ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. ஊர் அவ்வளவு பெரிதாக இல்லையென்றால், நம் பக்கத்து டவுன் பஸ்கள் ஊர் எல்லையைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களுக்குப் போவதைப்போல, அடுத்த ஊர் வரை நீட்டிவிடுங்கள். இரண்டாம் எண் முதல் எண்ணைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் போகுமானால் அந்தத் தடத்தை நான் தொடுவதில்லை. மலை வரைபடத்தில் பள்ளத்தாக்கின் போக்கிலேயே, ஏறத்தாழ ஒரே உயரத்தில் செல்லும் தடங்களைத் தேடினால் இவ்விரு எண்களும் நெருங்கி வரும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப்போல ஒன்றை ஆட்டத்தில் கட்டிப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது, கட்டியும் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, அதில் ஓடிய பஸ் ஒன்றுகூட தன் செலவை ஈட்டவில்லை.

வளைவுகளைத் தவிர்க்க முடியாத இடத்தில் சுரங்கப்பாதையும் பாலமும் உதவும். ஒரு மேட்டைக் குடைந்து நேராகப் போனால் சாலையின் நீளமும் கட்டத் தொலைவும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் சுரங்கத்தின் விலை நீளத்தோடு வேகமாக ஏறும் என்பதால், முதல் சில ஆண்டுகளில் மூன்று நான்கு கட்டத்துக்கு மேல் குடைய வேண்டாம். பாலம் கட்டும்போது வேக வரம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விலை மலிவு என்று மரப்பாலம் கட்டினால் பஸ் அதில் ஊர்ந்துதான் செல்லும்.

நிறுத்தங்களை வைப்பது

பஸ் நிறுத்தத்தின் எல்லை அதைச் சுற்றி மூன்று கட்டம், அதாவது 7-க்கு 7 கட்டச் சதுரம். நிறுத்தம் வைக்கும் கருவியைக் கையில் எடுத்துச் சுட்டியை நகர்த்தும்போதே, அந்த இடம் எதை ஏற்கும், எதைத் தரும் என்று சிறு சாளரத்தில் தெரியும். பயணிகளைத் தருவது எந்த வீடும் செய்யும், ஏற்பதுதான் சிக்கல். சிறிய வீடு ஒன்று எட்டில் ஒரு பங்குதான் ஏற்கும், எல்லைக்குள் இருக்கும் வீடுகளின் பங்குகள் கூடி எட்டுக்கு எட்டு ஆனால்தான் அந்த நிறுத்தத்தில் பயணிகள் இறங்குவார்கள். சரிவுகளில் வீடுகள் சிதறிக் கிடக்கும் மலையூரில் ஊர்க்கோடி நிறுத்தம் இதில்தான் தவறிப்போகும். பட்டியலில் பயணிகள் ஏற்கப்படுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள்.

உங்களுடைய இரண்டு நிறுத்தங்கள் ஒரே வீட்டைத் தம் எல்லைக்குள் கொண்டிருந்தால் அந்த வீட்டுப் பயணிகள் இரண்டுக்கும் பிரிந்து போவார்களே ஒழிய, கூடுதலாக ஒருவரும் வர மாட்டார். எனவே ஒரே ஊருக்குள் நிறுத்தங்களுக்கு இடையில் ஏழு கட்டமாவது விடுங்கள்.

நிறுத்தங்களில் இரண்டு வகை உண்டு. பஸ் உள்ளே புகுந்து வந்த வழியே திரும்பும் முனைய வகைக்குத் தனி இடம் வேண்டும். சாலையின் மீதே அமைந்து பஸ் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறும் வகையை ஊராரின் சாலையிலேயே வைத்துவிடலாம். ஆனால் அதற்கு நேரான, சமதளமான சாலைக் கட்டம் வேண்டும், சரிவான கட்டத்தில் அமையாது. இந்த இரண்டாம் வகையில் மலைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டு வெளியேறிய பஸ், நட்ட நடுச் சாலையில் திரும்பாது. திரும்ப இடம் கிடைக்கும் வரை முன்னோக்கியே போகும். சமவெளி ஊரில் தெருக்கள் பின்னிக் கிடப்பதால் ஒரு சுற்றில் திரும்பிவிடும். மலையூரிலோ ஒற்றைச் சாலையே நீண்டு கிடக்கும். வெலிங்டனில் நான் வைத்த நிறுத்தத்திலிருந்து கிளம்பிய பஸ் ஒன்று, எதிர்த்திசையில் மலையேறி, அடுத்த ஊருக்குள் நுழைந்து, அங்கே ஒரு சந்தில் திரும்பி வந்துகொண்டிருந்ததை இரண்டாண்டுகள் கழித்தே கவனித்தேன். தீர்வு எளிது: நிறுத்தத்தைத் தாண்டியதும் ஒரு கட்டத்துக்கு முட்டுச் சாலை ஒன்று போடுங்கள், அல்லது அங்கே பணிமனையைக் கட்டுங்கள். தடத்தின் இரு முனையிலும் முனைய வகையையே வைப்பது இன்னும் பாதுகாப்பானது.

ஆணைகளும் இடைநிறுத்தங்களும்

நம் ஊர் டவுன் பஸ்ஸில் வெலிங்டனில் ஏறியவர் அருவங்காட்டில் இறங்குவார், அருவங்காட்டில் ஏறியவர் கேத்தி வரை போவார். வழி நெடுக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால்தான் கண்டக்டருக்கு வசூல். அந்தப் பழக்கத்தில் ஆட்டத்திலும் நான்கைந்து இடைநிறுத்தங்களை, பஸ் எங்கெங்கே போக வேண்டும் என்று சொல்லும் ஆணைப் பட்டியலில் சேர்ப்பது எல்லோரும் செய்யும் பிழை. சரக்குப் பங்கீடு அணைந்திருக்கையில் ஆட்டத்துப் பயணிக்குப் போய்ச்சேர வேண்டிய ஊர் என்று ஒன்று கிடையாது. பயணிகளை ஏற்கும் முதல் நிறுத்தம் எதுவோ அங்கேயே எல்லோரும் இறங்கிவிடுவார்கள், கட்டணமும் அவ்வளவு தொலைவுக்கு மட்டுமே வரும். 38 கட்டத் தடத்தில் நடுவே மூன்று நிறுத்தங்களைச் செருகினால், அது சுமார் 10 கட்டம் கொண்ட நான்கு குட்டித் தடங்களாக உடைந்துபோகிறது.

ஆகையால் முதல் தடத்துக்கு இரண்டே ஆணைகள் போதும்: இந்த முனை, அந்த முனை. ஒவ்வோர் ஆணையையும் இடையில் நிற்காமல் செல்லும்படி அமையுங்கள், இல்லையென்றால் வழியில் கடக்கும் உங்கள் மற்ற நிறுத்தங்களிலும் பஸ் நின்று நின்று போகும். ஒரு முனையில் பயணிகள் போதவில்லையென்றால், அதே ஊரில் இன்னொரு நிறுத்தத்தைச் சேர்த்து, அங்கே ஏற்றலாம், இறக்கக் கூடாது என்ற ஆணையைக் கொடுங்கள். குன்னூரில் இரண்டு இடத்தில் ஏற்றிக்கொண்டு கோத்தகிரியில் மொத்தமாக இறக்கும் பஸ் இப்படித்தான் அமைகிறது.

நிரம்பும் வரை காத்திருக்கும் ஆணை நிலக்கரி லாரிக்குப் பொருந்தும். டவுன் பஸ்ஸுக்குக் கொடுத்தால், காத்திருக்கும் பஸ்ஸுக்குப் பின்னால் மற்றவை மலைச்சாலை நெடுக வரிசை கட்டி நின்றுவிடும். ஒரு பஸ்ஸில் இறக்கி இன்னொன்றில் மாற்றும் ஆணை தேர்ந்தவர்களுக்கானது, இப்போதைக்கு வேண்டாம்.

எத்தனை பஸ்

நிறுத்தத்தின் மதிப்பீடு எத்தனை விழுக்காடோ, சுற்றியுள்ள வீடுகளில் உருவாகும் பயணிகளில் ஏறக்குறைய அத்தனை விழுக்காட்டினர் நிறுத்தத்துக்கு வருவார்கள். முதல் பஸ் வந்ததும் அது 69-இல் தொடங்கி, உங்கள் சேவைக்கேற்ப ஏறவோ இறங்கவோ செய்யும். இதில் பெரும்பங்கு வகிப்பது, கடைசி பஸ் ஏற்றிச் சென்று எத்தனை நாள் ஆயிற்று என்பதுதான். ஏழரை நாட்களுக்குள் அடுத்த பஸ் வந்தால் 51 விழுக்காடு, 15 நாட்களுக்குள் வந்தால் 37, 30 நாட்களுக்குள் வந்தால் 20. கடைசியாக வந்த பஸ் வாங்கி ஓராண்டுக்குள் இருந்தால் 13 சேரும், கூட்டம் தேங்காமல் இருந்தால் 16 சேரும். வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு, ஆனால் 56 கிலோமீட்டர் வேக பஸ்ஸுக்கு அதில் சுழிதான்.

குன்னூர் கோத்தகிரி தடத்தில் போய்வர 56 நாட்கள். நான்கு பஸ் விட்டால் 14 நாட்களுக்கு ஒன்று வரும், மதிப்பீடு 66 வரை எட்டும். எட்டு பஸ் விட்டால் ஏழு நாட்களுக்கு ஒன்று, மதிப்பீடு 80 வரை. செலவு இரட்டிப்பாகிறது, பயணிகளோ ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறார்கள். ஆகவே நான்கில் தொடங்கி, பஸ்கள் நிரம்பிக் கிளம்பிய பிறகும் நிறுத்தத்தில் கூட்டம் தேங்குகிறதா என்று பார்த்து, தேங்கினால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். புதிய பஸ்ஸை வாங்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பழைய பஸ்ஸை நகலெடுத்தால் ஆணைகள் பொதுவாகிவிடும். பிறகு ஒன்றில் செய்யும் திருத்தம் எல்லாவற்றுக்கும் போய்ச்சேரும்.

பஸ்கள் நாளடைவில் ஒன்றையொன்று எட்டிப் பிடித்து, நம் ஊரில் அரை மணி நேரம் ஒன்றும் வராமல் பிறகு மூன்றாக வருவதைப்போல, கூட்டமாக ஓடத் தொடங்கும். நான்கும் ஒன்றாக வந்து சேர்ந்தால் முதல் பஸ் நிரம்ப, மற்ற மூன்றும் காலியாகத் திரும்பும். கால அட்டவணைச் சாளரத்தில் பயண நேரங்களை நிரப்பி, தொடக்கத் தேதியைக் கன்ட்ரோல் விசையோடு அழுத்தினால், ஆணைகளைப் பகிரும் பஸ்கள் அனைத்தும் சம இடைவெளியில் பிரியும்.

பணிமனை, மரம், ஊராட்சி

பராமரிப்பு இடைவெளி 150 நாட்கள் என்று முன்பே அமைந்திருக்கும். ஆனால் பணிமனை தடத்துக்கு அருகில் இருந்தால்தான் பஸ் அதை நாடும். மலைச்சாலையில் ஒரு பஸ் பழுதாகி நின்றால், வளைவில் முந்த வழியில்லாததால் பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். ஆகவே பணிமனையை ஏற்றம் தொடங்கும் இடத்துக்கு முன்பாகவே கட்டி, தேவைப்பட்டால் பராமரிப்புக்குச் செல்லும் ஆணையையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

சாலை போடும்போது மரங்களை அழித்தால் அருகிலுள்ள ஊரின் நிர்வாகம் உங்கள்மீது கோபம் கொள்ளும். கோபம் முற்றினால் நிறுத்தம் கட்டவே அனுமதி மறுக்கும். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே சட்டம் கண்ட மாநிலத்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. காட்டின் ஊடே சாலை தவிர்க்க முடியாததானால், முதலில் நிறுத்தங்களைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு சாலையை வெட்டுங்கள். கெட்ட பெயரைத் துடைக்க, ஊரைச் சுற்றி மரம் நட்டால் போதும்.

கணக்கைப் படித்து விரிவாக்குவது

வாகனப் பட்டியலில் ஒவ்வொரு பஸ்ஸின் அருகிலும் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது சாம்பல் நிறத்திலேயே இருக்கும்; பதறவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அதன்பின் சென்ற ஆண்டு நட்டமானால் சிவப்பு, 10,000 பவுண்டுக்குக் குறைவான லாபமானால் மஞ்சள், அதற்கு மேல் பச்சை. டவுன் பஸ் மஞ்சளில் நிற்பது குறையன்று. வாங்கிய விலையை ஓரிரு ஆண்டில் திருப்பித் தருகிறதா என்று பார்த்தால் போதும். சிவப்பு விழுந்த தடத்துக்குப் பஸ்ஸைக் கூட்டி மீட்க முயல்வதைவிட, ஒரு முனையை எடுத்து இன்னும் தொலைவில் நடுவதே பலன் தரும்.

முதல் தடம் நிலைத்தபின், ஊர்ச் சாளரத்தைத் திறந்து சென்ற மாதம் உருவான பயணிகள் எத்தனை பேர், ஏற்றிச் செல்லப்பட்டவர் எத்தனை பேர் என்று பாருங்கள். பாதிக்கும் குறைவாக ஏற்றியிருந்தால் அந்த ஊரில் இன்னொரு நிறுத்தத்துக்கு இடமிருக்கிறது. 50 நாட்களுக்குள் பஸ் வந்துபோன நிறுத்தங்களின் எண்ணிக்கையைப் பொறுத்து ஊர் வேகமாக வளரும், ஐந்து வரை கணக்கில் வரும். எனவே இரண்டாம் தடத்தை வேறோர் ஊரில் புதிதாகத் தொடங்காமல் அதே ஊரின் மறுபக்கத்திலிருந்து கிளப்புங்கள். இரண்டு ஊர்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் சென்றால் மானியம் என்று செய்தி வந்தால், சாலையின் நீளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, தேறுமானால் உடனே பஸ் விடுங்கள். முதலில் கொண்டுசேர்ப்பவருக்கே அது கிடைக்கும்.

1960-களின் நடுவில் 35 பேர் அமரும், மணிக்கு 88 கிலோமீட்டர் ஓடும் ஹெர்ஃபோர்டு லெப்பர்ட் பஸ் வரும். ஆண்டு ஆட்டத்துக்கு ஆட்டம் சற்று மாறும். அதற்குள் உங்கள் ரீகல் பஸ்கள் பழையதாகி அடிக்கடி நிற்கத் தொடங்கியிருக்கும். தானாக மாற்றும் வசதியில் பழைய வகைக்கு எதிரே புதிய வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பணிமனைக்கு வரும்போது ஒவ்வொன்றாக மாறிக்கொள்ளும். ஆணைகள் அப்படியே இருக்கும். வேகம் கூடியதால் போய்வரும் நாட்கள் குறையும் என்பதையும், எட்டு பஸ் ஓடிய தடத்துக்கு இனி ஐந்தாறு போதும் என்பதையும் கணக்கில் கொண்டு, மாற்றும் முன்பே மூத்த இரண்டை விற்றுவிடுங்கள்.